துபாய் மாலா, தேரா க்ரீக்கா? நாலு நாள் லீவுல வர்றவங்களுக்கு ஒரு கராமா ஆளோட அலசல்

டிசம்பர் பொறந்தாலே ஊர்லருந்து போன் வர ஆரம்பிச்சிடும். "மாப்ள, குடும்பத்தோட நாலு நாள் துபாய் வர்றோம், ரூம் எங்க போடட்டும், புர்ஜ் கலீஃபா பக்கமா, தேரா பக்கமா?" இதே கேள்விதான், ஆள் மட்டும் மாறும். துபாய்ல கராமாங்கற ஏரியாவுல பதினோரு வருஷமா இருக்கேன், இந்த ரெண்டு பக்கத்துக்கும் எத்தனை பேரை கூட்டிட்டு போயிருக்கேன்னு கணக்கே இல்ல. அதனால ஒரு தடவை முழுசா எழுதி வச்சிட்டா எல்லாருக்கும் அனுப்பிடலாம்னு உக்காந்துட்டேன்.

முதல்லயே என் முடிவை சொல்லிடுறேன். ரூம் க்ரீக் பக்கம், அதாவது பழைய துபாய் நடுவுல போற கடல் கழி பக்கம் போடுங்க, ஒரு கரையில இருக்கற பர்துபாயோ மறு கரையில இருக்கற தேராவோ எதுனாலும் சரி. துபாய் மாலுக்கு ஒரே ஒரு சாயங்காலத்தை முழுசா ஒதுக்குங்க. ஆனா ஜூன்லருந்து செப்டம்பருக்குள்ள வர்றீங்கன்னா இது அப்படியே தலைகீழா மாறிடும், அதை கடைசியில சொல்றேன்.

மால்னா சின்ன விஷயம் இல்லைங்க. 2008 நவம்பர்ல தொறந்தது, 1,200க்கு மேல கடை. உள்ள ஐஸ் ஸ்கேட்டிங் இருக்கு, 1 கோடி லிட்டர் தண்ணி பிடிக்கிற மீன் தொட்டி இருக்கு, அதுல சுறாவும் திருக்கையும் கண்ணு முன்னாடியே நீந்திட்டு போகும். நெறைய பேர் உள்ள போற டிக்கெட்டை ஆன்லைன்லயே எடுத்துட்டு வந்துடுறாங்க, ஆனா அந்த பெரிய கண்ணாடியை வெளிய நின்னு பாக்க காசே கிடையாது, எங்க அக்கா பசங்க ரெண்டு பேரும் அங்கயே முக்கா மணி நேரம் நின்னாங்க, டிக்கெட்டு எடுத்திருந்தா கூட அவ்வளவுதான் பாத்திருப்பாங்க. டைனோசர் எலும்புக்கூடு ஒன்னு முழுசா நிக்குது, சுமார் பதினஞ்சரை கோடி வருஷம் பழசு, அதுவும் சும்மாதான். வெளிய வந்தா பாட்டுக்கு ஆடற ஃபவுண்டன், அதுவும் சும்மா. 2025ல சில மாசம் மூடி வேலை பாத்துட்டு அக்டோபர்ல திரும்ப தொறந்தாங்க. 150 மீட்டர் வரைக்கும் தண்ணி எழும்பும், பின்னாடி 828 மீட்டருக்கு புர்ஜ் கலீஃபா நிக்கும். நான் எத்தனை தடவை பாத்திருப்பேன்னு தெரியல, இன்னைக்கும் பாட்டு ஆரம்பிச்சா பேச்சை நிறுத்திடுவேன்.

புத்தகம் பிடிக்கும்னா மாலுக்குள்ள கினோகுனியா புத்தகக் கடை ஒன்னு போதும், நான் தனியா போனா வேற எங்கயும் போறதில்ல. புர்ஜ் கலீஃபா மேல ஏறணும்னா 124, 125ஆவது மாடி போதும், 148 வரைக்கும் போற டிக்கெட்டு ரொம்ப விலை. சூரியன் மறையுற நேரத்து டிக்கெட்டும் மத்த நேரத்தை விட கூட இருக்கும், அதனால காலையில போயிட்டு இறங்கிடுங்க.

இப்ப கஷ்டத்தை சொல்றேன், இதை யாரும் முன்கூட்டியே சொல்றதில்ல. மெட்ரோவுல வந்து புர்ஜ் கலீஃபா துபாய் மால் ஸ்டேஷன்ல இறங்கினா உடனே மால் இல்ல. 820 மீட்டர் நீளத்துக்கு ஏசி போட்ட பாலம் ஒன்னு, நடுநடுவுல நகரும் நடைபாதை இருக்கு, ஆனாலும் தூரம் தூரம்தான். அதுக்கப்புறம் மாலுக்குள்ள நடக்கணும். போன வருஷம் எங்க அம்மா வந்தப்ப எனக்கு இது உறைக்கவே இல்ல, முட்டி வலியோட வந்த மனுஷியை பாலம் முழுக்க நடக்க வச்சி, உள்ள மீன் தொட்டி வரைக்கும் நடக்க வச்சி, ஃபவுண்டன் பக்கம் போறதுக்குள்ள அம்மா ஒரு பெஞ்சுல உக்காந்துட்டு "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் இங்கயே இருக்கேன்"னு சொல்லிட்டாங்க. எனக்கு மனசே ஆறல. வயசானவங்க கூட வந்தா டாக்ஸி எடுத்து ஃபவுண்டனுக்கு கிட்ட இருக்கற வாசல்ல இறங்குங்க, இல்ல வீல்சேர் கேளுங்க.

மறுநாள் அம்மாவை அப்ராவுக்கு கூட்டிட்டு போனேன். அப்ரான்னா க்ரீக்குல இக்கரைக்கும் அக்கரைக்கும் போற மரப்படகு, நடுவுல ஒரு நீளப் பலகை, ரெண்டு பக்கமும் முதுகுக்கு முதுகு உக்காருவாங்க, இருபது பேர் சேந்தா கிளம்பிடும். டிக்கெட்டு 1 திர்ஹம். அஞ்சு நிமிஷம் போல தண்ணியில போறப்ப ஒரு பக்கம் பர்துபாய் காத்துக் கோபுரங்க, இன்னொரு பக்கம் தேராவுல சரக்கு ஏத்திக்கிட்டு நிக்கிற தோணிங்க, வாஷிங் மெஷினும் டயரும் கரையிலயே அடுக்கி கெடக்கும், ஈரானுக்கும் சோமாலியாவுக்கும் போற சரக்கு. அம்மா காயல்பட்டினம் கரை பாத்து வளந்தவங்க, தோணியை பாத்ததும் முகமே மாறிடுச்சு, "எங்க ஊர்ல இப்படித்தான் நிக்கும்"னு ஒவ்வொன்னா காட்டிட்டே வந்தாங்க. இந்த ஊரே இந்தக் க்ரீக்காலதான் எழும்புச்சு. எண்ணெய் கிடைச்சது 1966ல, அதுக்கு முன்னாடியே அப்ப துபாயை ஆண்ட ஷேக் ராஷித் கடன் வாங்கி இந்தக் கழியை ஆழப்படுத்திட்டாரு, பெரிய தோணி உள்ள வந்ததாலதான் வியாபாரம் வந்துச்சு. அம்மாவை நாங்க திரும்ப ரெண்டு தடவை அதே படகுல கூட்டிட்டு போனோம், மூணு தடவைக்கும் சேத்து ஆன செலவு ஒரு ஜூஸ் காசு கூட இல்ல.

இனி சாப்பாடு. இதுல எனக்கு சந்தேகமே கிடையாது. மால் ஃபுட் கோர்ட்ல நீங்க என்ன எடுத்தாலும் ஒரு ஆளுக்கு 40, 50 திர்ஹம் சாதாரணமா போயிடும், நாலு பேர் குடும்பம்னா ஒரு வேளைக்கு 200, அதுக்கு கெடைக்கறது எல்லா ஊர் மால்லயும் கெடைக்கிற அதே பர்கரும் நூடுல்ஸும்தான். ஃபவுண்டனை பாத்த மாதிரி உக்காந்து சாப்பிடற ஓட்டல்ங்கள்ல அந்தக் காட்சிக்கும் சேத்துதான் பில் போடுவாங்க, ஒரு கல்யாண நாள்னா போங்க, தப்பே இல்ல. ஆனா கராமாவுலயும் பர்துபாய் மீனா பஜார்லயும் 20 திர்ஹத்துக்குள்ள வயிறு நெறைய மீல்ஸ் சாப்பிடலாம், சரவண பவன் மொத மொதல்ல வெளிநாட்டுல கடை போட்டதே துபாய்லதான், 2000ல. ஊர்ச் சாப்பாட்டுக்காக இவ்வளவு தூரம் வரணுமான்னு கேப்பீங்க, சரி, அப்ப அல் உஸ்தாத்துக்கு போங்க, 1978லருந்து நடக்கற ஈரானி கபாப் கடை, தயிர்ல ஊற வச்ச கபாப் ஒன்னு இருக்கு, அதை சாப்பிட்டவங்க யாரும் என்னை திட்டுனதில்ல. சத்வாவுல ரவி ரெஸ்டாரண்ட்டும் அதே 1978தான், பாகிஸ்தானி சாப்பாடு, 2022ல அடிடாஸ் கம்பெனி அந்தக் கடை பேர்லயே ஒரு ஷூ விட்டாங்கன்னா பாத்துக்கங்க, டாக்ஸி ஓட்டறவரும் கம்பெனி முதலாளியும் பக்கத்து பக்கத்து டேபிள்ல உக்காந்து சாப்பிடற இடம். நடுவுல கரக் சாயா, 1 திர்ஹம், 2 திர்ஹம், ஏலக்காய் தூக்கலா இருக்கும், காருக்கே கொண்டு வந்து தருவாங்க.

காசு ஒரு பிரச்சினை இல்லைங்கறவங்களுக்கு புது துபாய் பக்கம் ஒரு காரணம் இருக்கு, அதை மறைக்க மாட்டேன். பாம் தீவுல இருக்கற ட்ரெசிண்ட் ஸ்டுடியோ 2025 மே மாசம் மூணு மிஷலின் ஸ்டார் (ஓட்டலுக்கு தர்றதுலயே பெரிய மரியாதை) வாங்குச்சு, இந்தியச் சாப்பாடு போடற ஒரு ஓட்டல் மூணு ஸ்டார் வாங்கறது உலகத்துலயே அதுதான் முதல் தடவை. நான் போனதில்ல, காசு சேத்து ஒரு நாள் போவேன்.

தங்கம். நம்மாளுங்க பாதிப் பேரு வர்றதே இதுக்குத்தான், அதனால இதை நிதானமா படிங்க. துபாய்ல அன்னன்னைக்கு தங்க ரேட்டுன்னு ஒன்னு அறிவிப்பாங்க, துபாய் மால்ல இருக்கற நகைக்கடைக்கும் தேரா கோல்ட் சூக்குல (சூக்னா கடைவீதி) இருக்கற கடைக்கும் அதே ரேட்டுதான். அப்ப எங்க வித்தியாசம்? செய்கூலியில. மால்ல பேரம் பேசலாம், ஆனா ஒரு அளவுக்கு மேல இறங்கி வர மாட்டாங்க. சூக்குல வரிசையா முன்னூறு கடைக்கு மேல இருக்கு, இவரு தரலைன்னா எதுத்தவர் தருவாருங்கறது அவருக்கும் தெரியும். எங்க சித்தி வளையல் எடுக்கப் போனப்ப முதக் கடையில கிராமுக்கு 40 திர்ஹம் செய்கூலின்னாங்க, மூணாவது கடையில கிட்டத்தட்ட அதே டிசைனு 22க்கு வந்துச்சு. நாலு வளையலுக்கு அது எவ்வளவு ஆகும்னு நீங்களே போட்டுப் பாருங்க. கடைக்காரங்க நெறையப் பேருக்கு தமிழ் தெரியும், மலையாளம் தெரியும், கடைக்கு வெளிய நின்னு உங்களுக்குள்ள தமிழ்ல விலை பேசாதீங்க, எல்லாம் புரியும் அவங்களுக்கு. அந்த சூக்குலயே ஒரு கடை ஜன்னல்ல 64 கிலோ மோதிரம் வச்சிருக்காங்க, 21 கேரட், கின்னஸ்ல ஏறினது, பசங்களுக்கு காட்டுங்க.

ஆனா வரி விஷயத்துல மால் ஜெயிக்குது. இங்க 2018லருந்து 5 சதவீதம் வாட் உண்டு, டூரிஸ்ட்டுங்க 250 திர்ஹத்துக்கு மேல ஒரு பில்லுக்கு வாங்கினா ஏர்போர்ட்ல அதுல பெரும் பங்கு திரும்ப வாங்கிக்கலாம், சர்வீஸ் கட்டணம் பிடிச்சுக்குவாங்க. அதுக்கு கடைக்காரர் அந்தத் திட்டத்துல சேந்திருக்கணும், பில் போடறப்பவே பாஸ்போர்ட்டை காட்டணும். மால்ல பெரிய கடைங்க எல்லாம் இருப்பாங்க, சூக்குல சின்னக் கடைங்க எல்லாரும் இருக்க மாட்டாங்க, நகையை கையில வாங்கறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க. இன்னொன்னு, ஊருக்கு கொண்டு போறப்ப நகைக்கு வரி இல்லாத சலுகை, பொம்பளைங்களுக்கு 40 கிராம், ஆம்பளைங்களுக்கு 20 கிராம்னு சொல்றாங்களே, அது ஒரு வருஷத்துக்கு மேல வெளிநாட்டுல இருந்துட்டு திரும்பறவங்களுக்குத்தான். நாலு நாள் டூர்ல வந்தவங்களுக்கு இல்ல. இந்தியாவுல 2024 ஜூலையில தங்கத்துக்கு இறக்குமதி வரியை 15லருந்து 6 சதவீதமா குறைச்சாங்க, அப்பவே ரெண்டு ஊர் விலைக்கும் நடுவுல இருந்த இடைவெளி நல்லா சுருங்கிடுச்சு. நகைக்காகவே டிக்கெட்டு போட்டு வராதீங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றேன், வந்த இடத்துல பிடிச்ச ஒன்னை எடுத்துக்கங்க.

மத்த சாமானுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். குங்குமப்பூ, உலர்ந்த எலுமிச்சை, லுபான் சாம்பிராணி, அத்தர் எல்லாம் தேராதான். ஆனா போறதுக்கு முன்னாடி ஒரு ஹைப்பர் மார்க்கெட்ல குங்குமப்பூ விலையை பாத்து வச்சுக்கங்க, சூக்குல முதல்ல சொல்ற விலைக்கும் கடைசியில தர்ற விலைக்கும் பாதிக்குப் பாதி கூட இருக்கும். பேரீச்சம்பழத்துக்கு தேரா வாட்டர்ஃப்ரண்ட் மார்க்கெட் நல்லாருக்கும். பிராண்டு துணி, ஷூ, வாட்ச்னா மால்தான், டிசம்பர் ஜனவரியில ஷாப்பிங் ஃபெஸ்டிவல் நடக்கறப்ப தள்ளுபடியும் உண்டு. தெருவுல பின்னாடியே வந்து காதுல "காப்பி வாட்ச், காப்பி பேக்"னு சொல்றவங்க கூட எந்த மாடிக்கும் போகாதீங்க, அது போலி, மாட்டினா வம்பு.

சின்னப் பசங்க இருந்தா கணக்கு கொஞ்சம் மாறும். அவங்களுக்கு சூக்குல அரை மணி நேரத்துல சலிச்சிடும். எமிரேட்ஸ் மால்ல ஸ்கீ துபாய் இருக்கு, 2005லருந்து, வெளிய வெயிலு கொளுத்த உள்ள நெஜப் பனி, ஜாக்கெட்டும் பூட்ஸும் டிக்கெட்டோட தருவாங்க, பென்குயின் கூட இருக்கு. மெட்ரோ ஸ்டேஷன் கிட்டயே இருக்கறதால துபாய் மால் அளவுக்கு நடையும் கிடையாது. பத்து வயசுக்கு கீழ பசங்கன்னா ஃபவுண்டன் ஒன்னை மட்டும் பாத்துட்டு மிச்ச நேரத்தை இங்க போடுங்க.

ரூம் செலவையும் பாத்துடுவோம். க்ரீக் பக்கம் மூணு ஸ்டார் ஹோட்டல் வாடகை டவுன்டவுன்ல, அதாவது துபாய் மால் பக்கம் ஆகறதுல பாதிக்கும் கீழ கெடைக்கும், நான் சொந்தக்காரங்களுக்கு போட்டதெல்லாம் அப்படித்தான். டூரிசம் திர்ஹம்னு ஒரு கட்டணம் தனியா வாங்குவாங்க, ஒரு ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு மூணு ஸ்டார்னா 10, அஞ்சு ஸ்டார்னா 20, ஆன்லைன்ல பாத்த விலையில அது பெரும்பாலும் இருக்காது. மெட்ரோவுக்கு சில்வர் நோல் கார்டு போதும், தூரத்தைப் பொறுத்து 3, 5, 7.50 திர்ஹம். கோல்ட் சூக்னே ஒரு ஸ்டேஷன் இருக்கு, பச்சை லைன்ல, அங்கருந்து யூனியன்ல மாறி சிவப்பு லைன்ல ஏறினா நேரா மால் ஸ்டேஷன். ட்ரெயினுக்குள்ள எதையும் சாப்பிடாதீங்க, சூயிங் கம்மும் வேணாம், தண்ணியும் வேணாம், 100 திர்ஹம் ஃபைன்.

வெயில் காலம்னு சொன்னேன்ல. ஜூலை, ஆகஸ்ட்ல பகல் 42, 43 டிகிரி போகும், கடல் ஈரம் வேற சேந்து சட்டை ஒட்டிக்கும், அப்ப சூக்குல சுத்தறது உடம்புக்கு ஆகாது, அப்ராவும் ராத்திரி எட்டு மணிக்கு மேலதான் சுகம். அந்த மாசங்கள்ல ரூமை மால் பக்கமே போடுங்க, விலையும் அப்ப இறங்கியிருக்கும், க்ரீக்கை ஒரு ராத்திரிக்கு வச்சுக்கங்க. குளிர்காலத்துலயும் சூக்குக்கு மதியானம் போகாதீங்க, ஒரு மணியிலருந்து நாலு மணி வரைக்கும் நெறையக் கடை மூடியிருக்கும், வெள்ளிக்கிழமை காலையிலயும் அப்படித்தான்.

நான் கூட்டிட்டு போற வரிசை இதுதான்: நாலரை மணிக்கு பர்துபாய்ல அல் ஃபஹீதி பழைய வீடுங்க நடுவுல ஒரு நடை, அங்கருந்து துணி சூக் வழியா படகுத்துறை, வெளிச்சம் இறங்கறப்ப அப்ரா, அக்கரையில மசாலா சூக், தங்க சூக், திரும்பி வந்து கபாப். கையில ஒத்த திர்ஹம் காசா நாலஞ்சு வச்சுக்கங்க, அப்ராக்காரர் படகு பாதி தூரம் போனப்புறம் ஒரு கையில ஸ்டீயரிங்கை பிடிச்சுக்கிட்டே இன்னொரு கையை நீட்டுவாரு, அம்பது நோட்டை நீட்டினா அந்த இருட்டுல சில்லறை எண்ணி வாங்கறது பெரும்பாடு.