ஸ்காட்லாந்து கிராமத்தில் ஃபிளாட் வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்: எங்களுக்குப் போனது 6,400 பவுண்டு

இன்று காலை 6,400 பவுண்டு அனுப்பிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். கோபம் இன்னும் அடங்கவில்லை. இங்கே முதல் வீடு தேடும் நம்மவர்கள் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கும் கணவருக்கும் எல்ஜினில் வேலை. வாடகை கட்டி மாளாமல்தான் ஸ்பே ஆற்றுப் பக்கம் ஒரு சின்னக் கிராமத்தில் இந்த ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்டைப் பார்த்தோம். விலை 78,000 பவுண்டு, ஃபிக்ஸட் பிரைஸ், அதாவது போட்ட விலையே முடிந்த விலை. ‘ஆஃபர்ஸ் ஓவர்’ (இந்த விலைக்கு மேல் கேளுங்கள்) என்று போட்ட வீடு என்றால் ஹோம் ரிப்போர்ட் (விற்பனைக்கு வரும் வீட்டைப் பற்றிய சர்வே அறிக்கை) சொல்லும் மதிப்புக்கு மேல் கொடுப்பதெல்லாம் நம் சேமிப்பிலிருந்துதான் போகும், வங்கி அதற்குக் கடன் தராது. அந்தத் தொல்லை இல்லை. 1,45,000 பவுண்டுக்குக் கீழே என்பதால் எல்.பி.டி.டி. என்ற வீடு வாங்கும் வரியும் இல்லை. பழைய கல் கட்டடம், ஸ்லேட் கூரை, மொத்தம் நான்கு வீடுகள், எங்களுடையது மேல்மாடி.

பார்க்கப் போன அன்று தூறிக்கொண்டிருந்தது. படுக்கையறை மூலையில், சீலிங்கில் ஒரு திட்டுக்கு மட்டும் புது பெயின்ட். கணவர் அதைக் காட்டி, “மேலே ஒழுகுகிறதா?” என்று நேராகவே கேட்டார். வீடு காட்ட வந்த ஏஜென்ட் அம்மா கொஞ்சமும் தயங்கவில்லை. “அது எப்போதோ வந்த கறை. கூரையைச் சரிசெய்தாகிவிட்டது. நிம்மதியாகக் குடிவரலாம்” என்றார். அப்புறம் என் மகள் பக்கம் குனிந்து, “உன் கட்டிலை எந்த ஜன்னல் ஓரம் போடப் போகிறாய்?” என்று கேட்டார். அவள் ஓடிப்போய் ஒரு ஜன்னலைக் காட்டினாள். அந்த நிமிடமே மனதளவில் நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிபோய்விட்டோம். குழந்தையிடம் அப்படிப் பேசிய ஒருவர் பொய் சொல்வார் என்று யாருக்குத் தோன்றும்?

வாய்ப்பேச்சை மட்டும் நம்பவில்லை, காகிதத்தையும் பார்த்தோம். ஹோம் ரிப்போர்ட்டில் விற்பவரே நிரப்பிக் கொடுக்கும் கேள்வித்தாள் ஒன்று உண்டு. பராமரிப்பு, பழுதுவேலை செய்யச் சொல்லி நோட்டீஸ் ஏதும் வந்ததா என்ற கேள்விக்கு அவர் குறித்திருந்த பதில் ‘இல்லை’.

சாவி வாங்கிய சில நாட்களிலேயே கீழ்வீட்டில் இருக்கும் வயதான அம்மா ஒரு கவரோடு வந்தார். கூரை முழுவதையும் பிரித்து மாற்ற 25,600 பவுண்டு, நான்கு பங்கு, வீட்டுக்கு 6,400. வீடு விற்பனைக்கு வருவதற்கு முன்பே நான்கு வீட்டுக்காரர்களும் கூடி எடுத்த முடிவு அது. எங்களுக்கு விற்ற மனிதரின் கையெழுத்தும் அதில் இருக்கிறது! அந்த அம்மா பாவம், எங்களுக்கு எல்லாம் தெரியும் என்றே நினைத்திருக்கிறார்.

ஏஜென்ட் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். வீடு காட்டிய அம்மா லீவு என்றார்கள். மறுபடி கேட்டால், “விற்பவர் சொன்னதைத்தான் நாங்கள் சொன்னோம்.” விற்றவரின் சொலிசிட்டர் (வீடு விற்பதைக் கவனிக்கும் வக்கீல்), “உங்களிடம் நாங்கள் நேரடியாகப் பேச முடியாது” என்று ஒரே வரியில் மெயில் அனுப்பினார். சர்வேயரோ, சாய்வான கூரையைக் கீழே நின்று, தேவைப்பட்டால் பைனாகுலரில்தான் பார்ப்போம், அது அறிக்கையிலேயே இருக்கிறது என்றார். இருக்கிறதுதான். கூரைக்கு ‘கேட்டகிரி 2’ போட்டிருந்தார்கள், அதாவது வருங்காலத்தில் பழுது பார்க்க வேண்டும், அவசரம் இல்லை என்று. 25,600 பவுண்டு வேலை அவசரம் இல்லையாம்!

2004-ஆம் ஆண்டு டெனமென்ட் சட்டப்படி (பல ஃபிளாட்கள் சேர்ந்த கட்டடங்களுக்கான சட்டம்) புதிதாக வாங்கியவரும் பங்கு கட்டியாக வேண்டும். கட்டியதைப் பழைய உரிமையாளரிடம் திருப்பிக் கேட்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. கேட்கலாம், ஆனால் அவர் ஸ்பெயினுக்குக் குடிபோய்விட்டார். சின்ன வழக்குகளுக்கான ‘சிம்பிள் புரொசீஜர்’ 5,000 பவுண்டு வரைக்கும்தான். எங்கள் தொகை 6,400. அதற்கு மேலே போனால் வக்கீல் செலவே தொகையில் பெரும்பங்கைத் தின்றுவிடும் என்கிறார் எங்கள் சொலிசிட்டர். சாரம் கட்ட ஆள் வந்தாயிற்று, கீழ்வீட்டு அம்மாவை மழையில் விட முடியாது. கட்டிவிட்டோம். ஊரிலிருந்து அப்பா அனுப்பிய பணமும் அந்த 6,400-இல் போனது.

சரி, சொல்கிறேன் என்றதைச் சொல்லிவிடுகிறேன். மிஸிவ்ஸ் (இரு பக்கச் சொலிசிட்டர்களும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தக் கடிதங்கள்) முடிவதற்கு முன், பொது இடப் பழுது பற்றி அக்கம்பக்கத்தார் ஏதாவது முடிவெடுத்திருக்கிறார்களா என்று உங்கள் சொலிசிட்டர் மூலம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்படி ஒன்று இருந்தால் அந்தச் செலவு விற்பவருடையது என்று மிஸிவ்ஸிலேயே எழுத வையுங்கள். கிராமத்துப் பழைய கட்டடங்கள் பலவற்றுக்கு ஃபேக்டர் (பொதுப் பராமரிப்பைக் கவனிக்கும் நிர்வாகி) கிடையாது, அதனால் கேட்டால் சொல்ல ஓர் அலுவலகமும் இருக்காது. நீங்களே போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள். ஏஜென்ட் வாயால் சொன்னதை அன்று இரவே மெயிலில் போட்டு, ஆமாம் என்று பதில் வாங்குங்கள். இன்னொன்று, ஊரில் உங்கள் பெயரில் வீடு இருந்தால் அதையும் கணக்கில் எடுத்து ஏ.டி.எஸ். என்று 8 சதவீதம் கூடுதல் வரி விழலாம். ஆஃபர் கொடுப்பதற்கு முன்பே அதையும் சொலிசிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.