எரித்ரோமைசினா, அசித்ரோமைசினா?

எனக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது, உடம்பெல்லாம் தடித்துவிடும். அதனால் தொண்டையில் சீழ் பிடித்தால் டாக்டர் எழுதுவது மேக்ரோலைடு என்ற ஆன்டிபயாடிக் வகை மாத்திரைதான். காலேஜ் நாட்களில் எரித்ரோமைசின், போன மாதம் அசித்ரோமைசின். இரண்டையும் விழுங்கிப் பார்த்ததில் என் ஓட்டு அசித்ரோமைசினுக்கே.

வேலை செய்யும் விதம் ஒன்றுதான்: பாக்டீரியாவின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோமில் போய் உட்கார்ந்துகொண்டு புரதம் செய்யவிடாமல் தடுப்பது. பூர்வீகமும் ஒன்று. பிலிப்பைன்ஸின் இலோயிலோ மண்ணில் கிடைத்த நுண்ணுயிரை நொதிக்க வைத்து, 1952ல் எலி லில்லி என்ற அமெரிக்க மருந்துக் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது எரித்ரோமைசின். அதன் மூலக்கூறு வளையத்தில் ஒரு நைட்ரஜனைச் செருகி 1980ல், இன்றைய குரோவேஷியாவின் ஜாக்ரெப் நகரத்து பிளீவா கம்பெனி உருவாக்கியது அசித்ரோமைசின். இன்றும் தொட்டியில் நொதிப்பது எரித்ரோமைசின்தான், அதை அசித்ரோமைசினாக மாற்றுவது அதற்கப்புறம் நடக்கும் ரசாயன வேலை.

அந்த ஒரு நைட்ரஜன்தான் எல்லாம். எரித்ரோமைசின் வயிற்று அமிலத்தில் சிதையும், ரத்தத்தில் பாதியாகக் குறைய இரண்டு மணி நேரம்கூட ஆகாது, ஆகவே ஆறு மணிக்கொரு தடவை, பத்து நாள், மொத்தம் நாற்பது மாத்திரை. ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து விழுங்கிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஹாஸ்டல் வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன். (குடலை முடுக்கிவிடும் அந்தக் குணத்துக்காகவே, இரைப்பை மந்தமானவர்களுக்கு இதைக் கொடுப்பதும் உண்டு.) நாலாம் நாள் தொண்டை சரியானதும் நிறுத்திவிட்டேன், பத்து நாளில் காய்ச்சல் திரும்பிவிட்டது. அசித்ரோமைசின் அமிலத்தைத் தாங்கும், திசுக்களில் தங்கிப் பாதியாகக் குறையவே மூன்று நாள் பிடிக்கும். தினம் ஒன்று, ஐந்து நாள், முடிந்தது. ஒரு மாத்திரை விலையைப் பார்த்தால் இது அதிகம்தான், ஆனால் பாதியில் நிறுத்திய மருந்து எந்த விலைக்கும் நஷ்டம்.

இதே வகையில் மூன்றாவதான கிளாரித்ரோமைசின் நான் சாப்பிட்டதில்லை. அண்ணனுக்கு அல்சர் கிருமிக்காகக் கொடுத்தார்கள், இரண்டு வாரமும் வாயெல்லாம் இரும்புக் கசப்பு என்றான். அதுவும் எரித்ரோமைசினும் சிம்வாஸ்டேட்டின் போன்ற கொலஸ்ட்ரால் மாத்திரையோடு சேரக்கூடாது. அசித்ரோமைசினுக்கு அந்தத் தொல்லை குறைவு.

குறை இல்லாமல் இல்லை. உடம்பில் வாரக்கணக்கில் சொற்ப அளவில் தங்குவதால், தப்பிப் பிழைக்கும் கிருமிக்கு அது ஒரு பயிற்சிப் பள்ளி. வைரஸ் சளிக்கெல்லாம் மெடிக்கலில் கேட்டு வாங்கினால் அதுதான் நடக்கும். இதயத் துடிப்பு கோளாறாவது பற்றி 2013ல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்தது. மற்ற இரண்டுக்கும் அதே குறை உண்டு, எனவே இதய நோயாளிகள் என் ஓட்டைக் கணக்கில் எடுக்காமல் டாக்டரிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.