சிபிஎல் பில்டர், கேத்தி பாலாடா தோட்டத்துல ரெண்டு மாசம் போட்டு எடுத்த அனுபவம்

ஏப்ரல் ஆரம்பத்துல வாங்கினேன், மே கடைசி வரைக்கும் பெரும்பாலும் லென்ஸ்ல மாட்டினபடிதான் இருந்துச்சு, இப்பதான் எழுத நேரம் கெடச்சுது. சிபிஎல்னா சர்குலர் போலரைசர், லென்ஸ் முன்னாடி திருகி மாட்டற கறுப்புக் கண்ணாடி, அதுல வெளி வளையம் மட்டும் தனியா சுத்தும், சுத்தினா பளபளப்பு கொறையும். விளம்பரத்துல எல்லாம் இத நீல வானத்துக்குன்னே காட்டறாங்க, இந்தப் பக்கம் வெளுத்த வானம், அந்தப் பக்கம் கருநீல வானம்னு. வானத்துக்காக மட்டும்னா இதுக்கு காசு போடாதீங்கன்னுதான் நான் சொல்லுவேன். மழை நனைச்ச பச்சைக்குத்தான் இது வேணும், காய்கறித் தோட்டம் எடுக்கறவங்க கண்டிப்பா வாங்கணும்.

நான் மேட்டுப்பாளையம். சித்தப்பா ஊட்டி பக்கம் இருக்கற கேத்தி பாலாடாவுல கொஞ்சம் பூமி குத்தகைக்கு புடிச்சு கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் போடறாரு, அதனால லீவு விட்டா மேலதான். (2024 மே 7லேர்ந்து நீலகிரிக்கு வர்ற வெளி வண்டிக்கு இ-பாஸ் வேணும், கவர்மெண்ட் பஸ்ல வந்துட்டா அந்த வேலை இல்ல, நான் பஸ்தான்.) கேமரா நிக்கான் டி5600, அதோட வந்த ஏஎப்-பி 18-55 லென்ஸ், அதுக்கு 55 எம்எம் பில்டர். உங்க லென்ஸுக்கு என்ன சைஸ்னு லென்ஸ் வாயிலயோ மூடிக்கு உள்பக்கமோ குறுக்குக் கோடு போட்ட வட்டத்துக்குப் பக்கத்துல போட்டிருக்கும், அத பாத்துட்டு வாங்குங்க. 18-55ல பழைய மாடல் சிலதுல போகஸ் ஆகும்போது முன்பக்கமே சுத்தும், அதுல சிபிஎல் போட்டா ஒவ்வொரு தடவையும் போகஸ் புடிச்ச அப்புறம்தான் வளையத்த திருப்பணும்.

ஏப்ரல் மே மாசத்துல மேல தோட்டம் பாக்கவே வேற மாதிரி இருக்கும். நீர்போகத்துல (தண்ணி பாய்ச்சிப் பண்ற போகம்) போட்ட உருளைக்கெழங்கு தோண்டற நேரமும் கார்போகத்துக்கு (மழைய நம்பிப் பண்ற போகம்) நடவு போடற நேரமும் ஒண்ணா வர்றதால ஒரு அடுக்குல புதுசா கிளறின செம்மண்ணு, அதுக்கு மேல அடுக்குல முட்டைக்கோஸ் முத்தி நிக்குது, அதுக்கும் மேல கேரட் தழை. காலைல வானம் பளிச்சுன்னு இருக்கும், பன்னெண்டு மணிக்கு மேல மேகம் குமிஞ்சு குமிஞ்சு ஏறும், மூணு நாலு மணிக்கு இடியோட கோடை மழை ஒண்ணு அடிச்சுட்டு போயிரும், போன அரை மணி நேரத்துல பள்ளத்துலேர்ந்து மிஸ்ட் ஏறி வந்து எல்லாத்தையும் மூடிரும். அந்த நடுவுல கெடைக்கற அரை மணி நேரம்தான் எனக்கு எல்லாமே.

பிரச்சனை என்னன்னா மழை நின்ன உடனே வெறும் லென்ஸ்ல எடுத்தா எல இருக்கற எடமெல்லாம் வெள்ளையா பூத்த மாதிரி வரும். கண்ணுக்கு அவ்வளவு பச்சையா தெரியுது, போட்டோல சாம்பல் பூசின மாதிரி. ரொம்ப நாளா இத எக்ஸ்போஷர் தப்புன்னு நெனச்சு கம்ப்யூட்டர்ல உக்காந்து பச்சைய ஏத்தி ஏத்தி பாத்தேன், பச்சை ஏறும், வெள்ளை அப்படியே நிக்கும். அது எல மேல நிக்கற தண்ணி வானத்த கண்ணாடி மாதிரி காட்டறது. அந்தப் பளபளப்புக்கு கீழதான் எலயோட நெசமான நெறம் இருக்கு, அந்தப் பளபளப்ப போட்டோ எடுக்கற நேரத்துலயே சிபிஎல் போட்டு நீக்கினாத்தான் உண்டு, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல நீக்க முடியாது.

முத நாள் நடந்தத சொல்றேன். மழை விட்டு அஞ்சு நிமிஷம், முட்டைக்கோஸ் பாத்தியில முட்டி போட்டு உக்காந்து ஒரே ஒரு காய பாத்துட்டு வளையத்த மெதுவா திருப்பறேன். வெளி எல மேல வெள்ளையா ஒரு படலம், திருப்பத் திருப்ப அது ஓரத்துலேர்ந்து உள்ள சுருங்கிட்டே போகுது, போற எடத்துல நரம்பு ஒவ்வொண்ணா தெரிய ஆரம்பிக்குது, நடுத்தண்டுலேர்ந்து கெளைச்சு கெளைச்சு போற நரம்பு, நரம்புக்கு நடுவுல புழு தின்ன ஓட்டை, ஓட்டை வழியா கீழ் எலயோட இளம்பச்சை. இன்னும் கொஞ்சம் திருப்பினா தண்ணி முத்து மேல இருக்கற மினுக்கும் சேந்து போயிருது, அப்ப எல செத்த மாதிரி ஆயிருது. அதனால முழுசா திருப்பாதீங்க, பாதிக்கு கொஞ்சம் மேல நிறுத்துங்க, எல நெறமும் வரும் முத்தும் மின்னும். சித்தி வாசல்லேர்ந்து "ஏன் கண்ணு, மறுபடி மழை வருது பாரு, அந்தக் கண்ணாடிய திருகிட்டே நிக்கற, உள்ள வா"ன்னு கூப்பிட்டுட்டே இருந்தாங்க, எனக்கு எந்திரிக்க மனசே வரல.

முட்டைக்கோஸ் எலயில இயற்கையாவே ஒரு மெழுகு சாம்பல் இருக்குமில்ல, அது இதுல போகாது, போகவும் கூடாது, அது காயோட நெறம். பீட்ரூட் எலக்குத்தான் இது ரொம்ப எடுப்பா இருக்கு, அந்த செவப்பு நரம்பு அப்படியே எந்திரிச்சு நிக்குது. மேரக்காய் (சௌசௌ) பந்தலுக்கு கீழ நின்னு மேல பாத்து எடுக்கும்போது பெருசா வித்தியாசம் தெரியல, எல வழியா வர்ற வெளிச்சத்துக்கு இது ஒண்ணும் பண்ணாது, மேல பட்டு திரும்பி வர்ற வெளிச்சத்துக்குத்தான். மேகம் மூடின நாள்லயும் வேலை செய்யும், வெயில் இருந்தாத்தான்னு நெனச்சுக்காதீங்க.

வானம் பத்தியும் சொல்லிடறேன். சூரியனுக்கு செங்குத்தா இருக்கற பக்கம்தான் இது கருக்கும், சூரியனுக்கு நேராவோ சூரியன முதுகுக்கு வெச்சோ எடுத்தா ஒண்ணும் நடக்காது. காலைல சூரியன் கிழக்க இருக்கும்போது வடக்கயும் தெக்கயும்தான் நல்லா வரும், கேத்தி பள்ளத்துலேர்ந்து தொட்டபெட்டா வடக்கதான் இருக்கு, அதனால காலைல ஏழரைக்கு மலையும் அது மேல சின்னச் சின்ன மேகமும் அழகா வந்துச்சு. மே மாசத்துல நம்ம ஊர்ல உச்சி வெயில் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேல நிக்கறதால மத்தியானத்துல சுத்தி எந்தப் பக்கம் திரும்பினாலும் அடிவானம் கருக்குது, ஆனா அந்த வெயில்ல தோட்டம் எடுக்க நல்லா இருக்காது, நெழலே இருக்காது. இன்னொண்ணு, லென்ஸ 18 எம்எம்ல வெச்சு அகலமா எடுத்தா வானத்துல ஒரு பக்கம் மட்டும் திட்டா கருத்து இன்னொரு பக்கம் வெளுத்து வரும், அசிங்கமா இருக்கும், 28, 35க்கு போயிடுங்க.

மே நடுவுல ஒரு சாயங்காலம் வானவில் வந்துச்சு. வெயில் மேற்க, மழை குன்னூர் பக்கம் கொட்டிட்டு இருக்கு, பள்ளத்துக்கு மேல முழு வில்லு. அவசரத்துல வியூபைண்டர்ல பாத்தா உச்சியே காணோம், ரெண்டு கால் மட்டும் பளிச்சுன்னு நிக்குது. ஒரு நிமிஷம் பதறிப் போயி அப்புறம்தான் வளையம் ஞாபகம் வந்துச்சு, திருப்பினா உச்சி வந்துச்சு, கால் மங்குச்சு. வானவில்லோட வெளிச்சமும் இந்த பில்டர் தடுக்கற மாதிரி ஒரே திசையில அதிர்ற வெளிச்சம்தான், வில்லு வளையற மாதிரியே அந்தத் திசையும் மாறுது, அதனால முழு வில்லும் வேணும்னா பில்டர கழட்டிட்டு எடுங்க, ஒரு பகுதி மட்டும் போதும்னா அதுக்குத் தகுந்த மாதிரி திருப்புங்க, வெறும் கண்ணுல பாத்தத விட அழுத்தமா வருது.

இனி கொறை. முதல்ல வெளிச்சம். ஒன்றரைலேர்ந்து ரெண்டு ஸ்டாப் தின்னுது (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகறது), அதாவது ஷட்டர செகண்டுல 125ல ஒரு பங்குன்னு வெச்சு எடுத்துட்டு இருந்த எடத்துல 30ல ஒரு பங்கு வரைக்கும் எறங்கணும். கை ஆடறத லென்ஸ்ல இருக்கற விஆர் (ஆட்டத்த சரிக்கட்டற வசதி) பாத்துக்கும், காத்துல ஆடற கேரட் தழைய அது ஒண்ணும் பண்ண முடியாது, ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்த எவ்வளவு கூட்டிக் காட்டணும்ங்கற அளவு) ஏத்தித்தான் ஆகணும். நைட்டு ரெண்டு மூணு மணிக்கு லைட்ட கட்டிட்டு கேரட் புடுங்கி விடியறதுக்குள்ள மிஷின்ல கழுவி லோடு ஏத்துவாங்க, அத எடுக்கப் போகும்போது கழட்டிப் பைல வெச்சுட்டேன், அந்த வெளிச்சத்துல இது வேலைக்காகாது. மிஸ்ட்லயும் அப்படித்தான், எந்த வித்தியாசமும் இல்ல, சும்மா ரெண்டு ஸ்டாப் போறதுதான் மிச்சம். (மிஸ்ட் எறங்கினா தோட்டத்து ஓரத்துல தனியா நிக்காதீங்க, காட்டுமாடு பத்தடி கிட்ட வர்ற வரைக்கும் தெரியாது.)

விலை விஷயம். இதுக்கு முன்னாடி ஒண்ணு சீப்பா வாங்கி ஏமாந்தேன், அதுல எடுத்த எல்லாத்துலயும் லேசா ஒரு மஞ்சப் பழுப்பு ஏறியிருந்துச்சு, வெள்ளை மேகம் டீ சிந்தின துணி மாதிரி, வளையம் வேற மண்ணு போயி இறுகிப் போச்சு. இப்ப இருக்கறது அதவிட நாலு மடங்கு விலை, கோட்டிங் நல்லா இருக்கு, மழைத்துளி பட்டா ஊதினாலே ஓடிருது. ரொம்ப மேல போகணும்னு இல்ல, ஆனா ரொம்ப கீழ போகாதீங்க. கடைலயே டெஸ்ட் பண்ணலாம், மாட்டினா வெளிய பாக்கற பக்கம் கம்ப்யூட்டர் ஸ்கிரீன பாக்கற மாதிரி புடிச்சு திருப்புங்க, ஒரு எடத்துல ஸ்கிரீன் நல்லா இருட்டாகணும். அப்படியே வெள்ளைக் காகிதம் ஒண்ண அது வழியா பாருங்க, கலர் ஏறுச்சுன்னா வேண்டாம்.

லென்ஸ் பாதுகாப்புக்குப் போடற யுவி பில்டர் மேலயே இத மாட்டாதீங்க, ரெண்டு வளையம் சேந்தா 18ல நாலு மூலையும் கறுப்பா வரும். செல்போன்ல எடுக்கறவங்களும் இத கையில புடிச்சு கேமரா முன்னாடி வெச்சு திருப்பலாம், சித்தி அவங்க போன்ல அப்படித்தான் வீட்டுக்குப் பின்னாடி இருக்கற கொத்தமல்லிப் பாத்திய எடுத்து பேமிலி குரூப்ல போட்டாங்க, என்னோட போட்டோவ விட அதுக்குத்தான் ஹார்ட் அதிகம், உண்மையிலயே நல்லாவும் இருந்துச்சு.

குளுருக்கு பில்டர் லென்ஸோட இறுகி கழட்ட வரலைன்னா அழுத்திப் புடிச்சு திருகாதீங்க, அழுத்தினா வளையம் நெளிஞ்சு இன்னும் இறுகும், ஒரு அகலமான ரப்பர் பேண்ட சுத்தி லேசா புடிச்சு திருப்பினா வந்துரும். கழட்டின உடனே துணியில தொடச்சு சிலிக்கா ஜெல் போட்ட டப்பால வைங்க, மேல இருக்கற ஈரத்துக்கு பங்கஸ் புடிச்சா அப்புறம் லேசுல போகாது. ஜூன்ல மழை புடிச்சுட்டா நான் மறுபடி போறேன், கார்போகத்துல நட்ட உருளைக்கெழங்கு அப்ப நல்லா தழைஞ்சு நிக்கும், அந்த எல மேல மழைத்தண்ணி எப்படி வருதுன்னு பாக்கணும்.