மஞ்சள் ட்ராப்பர்: டெல்டா ஈரத்துக்குத் தாங்கும் அமெரிக்க மடக்குக்கத்தி

கேஸ் (Case) என்ற அமெரிக்கக் கத்தி நிறுவனத்தின் 3254 சிவி கத்தியைச் சேகரிப்பவர்கள் ‘மஞ்சள் ட்ராப்பர்’ என்பார்கள். கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறைப் பக்கம் இருந்துகொண்டு அமெரிக்க மடக்குக்கத்தி சேர்க்க ஆசைப்படுகிறவருக்கு முதல் கத்தியாக நான் சொல்வது இதைத்தான். செதுக்கிய எலும்புப் பிடியும் மான்கொம்புப் பிடியும் போட்ட அழகுக் கத்திகள் அதே கம்பெனியிலேயே வரிசையாக இருக்கின்றன. அவற்றைத் தள்ளிவைத்துவிட்டுச் செயற்கைப் பிடியைச் சொல்லக் காரணம் நம்மூர்க் காற்று. அக்னி நட்சத்திரத்தில் காயவைத்து, ஐப்பசி அடைமழையில் ஊறவைக்கும் இந்தக் காற்றில் பத்து வருஷம் கழித்தும் அப்படியே இருக்கப்போவது எது என்பதுதான் இங்கே முதல் கேள்வி.

கேஸ் கத்தியின் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பெட்டியைத் திறக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். முதல் இலக்கம் பிடி: 3 என்றால் மஞ்சள் செயற்கைப் பிடி, 6 என்றால் செதுக்கிய எலும்பு, 5 என்றால் மான்கொம்பு. இரண்டாவது இலக்கம் எத்தனை அலகு என்பது. மீதி எண் மாதிரியைக் குறிக்கும். 54 என்றால் ட்ராப்பர். ஆக 3254-ம் 6254-ம் ஒரே உடல், பிடி மட்டும் வேறு. கடைசியில் வரும் சிவி என்பது குரோம் வனேடியம், அதாவது துருப்பிடிக்கக்கூடிய கார்பன் எஃகு. எஸ்எஸ் என்றால் துருவுக்கு எளிதில் இடம் கொடுக்காத எஃகு.

மடக்கிய நிலையில் நீளம் நாலேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, சுமார் 10.5 சென்டிமீட்டர். வேட்டி மடிப்பில் நிற்காது, சட்டைப் பையையும் இழுக்கும். கால்சட்டைப் பைக்கு ஏற்ற கத்தி. அலகு இரண்டு. முதுகுப் பக்கம் சரிந்து கூர்முனையில் முடிவது கிளிப். முனை மழுங்கி, நீண்டு, வயிறு வளைந்தது ஸ்பே. ஸ்பே முதலில் கால்நடைக்குக் காயடிக்க என்று வந்தது. முனை குத்திவிடக் கூடாது என்பதற்காகவே அந்த மழுக்கல். கொடிக்காலில் வெற்றிலைக் கொடியை அகத்தியோடு சேர்த்துக் கட்டிய முடிச்சை, கொடியில் காயம் படாமல் அறுக்க இதைவிடத் தோதான அலகு கிடையாது. கிளிப் பழத்துக்கு, கயிற்றுக்கு, வாழைச்சருகுக்கு.

இதில் பூட்டு இல்லை என்பதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். அலகைத் திறந்து நிறுத்துவது முதுகில் உள்ள வில்லின் அழுத்தம் மட்டும்தான். குத்துகிற வேலை, நெம்புகிற வேலை இரண்டும் கூடாது. தேங்காய்ச் சில்லை நெம்பினால் ஒன்று முனை ஒடியும், இல்லையென்றால் அலகு விரலின் மேல் மடங்கும்.

கத்தி கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியவை சில உண்டு. கையால் பொருத்திச் சரிபார்க்கும் பொருள் என்பதால் ஒன்று போல் இன்னொன்று இருப்பதில்லை. வெளிச்சத்துக்கு நேரே முதுகைப் பிடித்துப் பாருங்கள். வில்லுக்கும் பித்தளைத் தகட்டுக்கும் நடுவே கீற்றாக ஒளி தெரிந்தால் அந்த இடைவெளியில்தான் நாளைக்கு ஈரமும் அழுக்கும் தங்கும். இந்த ஊரைப் பொறுத்தவரை மற்ற எல்லாக் குறையையும்விட இது பெரிய குறை. அடுத்து, அலகைத் திறந்து பக்கவாட்டில் மெல்ல ஆட்டிப் பாருங்கள்; அசையக் கூடாது. திறக்கும்போதும் மூடும்போதும் ‘சடக்’ என்று தெளிவாகச் சத்தம் வர வேண்டும். ஒரு அலகு சடக்கென்றும் மற்றது சோம்பலாகவும் நகர்ந்தால் வில் தளர்ந்திருக்கலாம், எண்ணெய் காய்ந்து பிசினாகியும் இருக்கலாம். கழுவிப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம். கடைசியாக, மூடிய அலகை விரலால் லேசாக அழுத்துங்கள். அலகின் அடியில் உள்ள சிறு புடைப்புதான் கூர் வில்லில் இடிக்காமல் தடுப்பது. அது தேய்ந்திருந்தால் ஒவ்வொரு முறை மூடும்போதும் கூரின் ஒரே இடம் மழுங்கும். பலர் அந்த மழுங்கலைத் தீட்டித் தீட்டி அலகைத்தான் கரைக்கிறார்கள்.

பிடியின் ஓரத்தில் வெள்ளியாக மின்னும் தொப்பி நிக்கல் சில்வர். நம் பாத்திரக் கடைகளில் ஜெர்மன் சில்வர் என்று விற்கிற அதே கலவை: செம்பு, நிக்கல், துத்தநாகம். வெள்ளி துளியும் இல்லை. உள்தகடு பித்தளை.

பிடிக்கு வருவோம். எலும்புப் பிடி என்பது மாட்டின் கால் எலும்பு. வெயிலில் சுருங்கும், மழையில் ஊதும். ரிவெட்டைச் சுற்றி மயிரிழை விரிசல் விடுவது இதனால்தான். பூஜைக்கான பழம் நறுக்கும் இடத்தில் இதை வைத்துக்கொள்ளச் சில வீடுகளில் சம்மதிக்க மாட்டார்கள் என்பதையும் வாங்கும் முன் யோசித்துக்கொள்ளலாம். மான்கொம்புப் பிடியின் கதை நம் நாட்டில் தொடங்குகிறது. கடமான், தெற்கே மிளா என்பார்களே, அதன் கொம்புதான் கத்திக்காரர்கள் எல்லோரும் தேடியது. உள்ளே கெட்டி, வெளியே அழகான முண்டு. இந்தியா அதன் ஏற்றுமதியை 1990-களின் கடைசியில் நிறுத்திய பிறகு பழைய கொம்புப் பிடிகளின் மதிப்பு ஏறிவிட்டது. ஆனால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும்போது கொம்புப் பிடியை இந்தியாவுக்கு வரவழைப்பது வம்பை விலைகொடுத்து வாங்குவதுதான். வேண்டாம்.

பழைய கத்திகளில் செல்லுலாய்ட் என்ற அந்தக்காலத்துப் பிளாஸ்டிக் பிடியும் வரும். கண்ணைப் பறிக்கும் நிறங்கள், முத்துச்சிப்பி மினுமினுப்பு. ஆனால் இது வெப்பத்தில் மெல்லச் சிதைந்து அமில ஆவியை விடும். முதலில் தன்னோடு ஒட்டிய அலகைத் தின்னும், பிறகு பெட்டியில் பக்கத்தில் இருக்கும் கத்தியையும் தின்னும். ஒரு கத்தியில் மட்டும் பிடியை ஒட்டிய இடத்தில் திடீரென்று துரு கிளம்பினால் பிடியை மோந்து பாருங்கள். புளித்த, காரமான வாடை அடித்தால் அன்றைக்கே பிரித்து வைத்துவிட வேண்டும். செல்லுலாய்டை மூடிய டப்பாவில் வைக்கவே கூடாது. காற்றோட்டமும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில் தனியே இருக்கட்டும். இதையெல்லாம் பார்த்த பிறகுதான் அந்த மஞ்சள் பிடியின் அருமை புரியும். சுருங்காது, ஊதாது, ஆவி விடாது.

எஃகு விஷயத்தில் ஊரைப் பொறுத்துத் தேர்வு மாறும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, காரைக்கால் போன்ற கடலோரமென்றால் உப்புக்காற்றில் சிவி எஃகோடு மல்லுக்கட்ட வேண்டாம்; எஸ்எஸ் வாங்குங்கள். உள்ளே தள்ளி இருப்பவர்களுக்கு சிவி-தான் சுகம். எளிதில் தீட்டலாம், கூர் நன்றாக ஏறும். புது அலகு வாழைத்தண்டு ஒன்றை நறுக்கினாலே நீலமும் கறுப்புமாகப் படிந்துவிடும். வாழைச்சாற்றில் உள்ள துவர்ப்பு இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் கறை அது; பாக்கு வெட்டினாலும் வரும். கெடுதல் இல்லை, செந்துரு ஏறுவதை ஓரளவு தடுக்கவும் செய்யும். தேய்த்து எடுக்காதீர்கள். சாற்றை அப்படியே காயவிடுவதுதான் தப்பு: உடனே கழுவி, துடைத்து, எண்ணெய் தொட்டு வையுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு துருவைக் கொண்டுவராது, ஆனால் அச்சாணியில் காய்ந்து உப்புத்தாள் மாதிரி அரைக்கும்.

என்ன எண்ணெய்? நல்லெண்ணெய் வேண்டாம், காய்ந்து பிசினாகும். தேங்காயெண்ணெய் மார்கழிக் குளிரில் உறைந்து அலகின் ஓட்டத்தைத் தடுக்கும். தையல் இயந்திர எண்ணெய் போதும். சாப்பாட்டுப் பொருள் நறுக்கும் கத்தியென்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் நல்லது. அச்சாணியில் ஒரே ஒரு சொட்டு விட்டு, அலகைப் பத்து முறை திறந்து மூடுங்கள். கறுப்பாக ஒரு கசிவு வரும். அது உள்ளே தேய்ந்த உலோகத் தூள். துடைத்துவிட்டு மறுபடி ஒரு சொட்டு. கசிவு தெளிவாக வரும்வரை இதைச் செய்ய வேண்டும். வில்லும் எஃகுதான் என்பதை மறந்து அலகுக்கு மட்டும் எண்ணெய் போடுகிறவர்கள் அதிகம்; துரு அங்கேதான் ஆரம்பிக்கும்.

பித்தளைத் தகட்டில் பச்சைக் களிம்பு கண்டால் புளி போட்டுத் துலக்கும் எண்ணம் வேண்டவே வேண்டாம். குத்துவிளக்குக்குச் சரி, இங்கே புளிக்கரைசல் அச்சாணிக்குள் இறங்கிவிட்டால் எடுக்க வழியில்லை. தென்னை ஈர்க்கின் நுனியைச் சீவிப் பஞ்சு சுற்றி, மண்ணெண்ணெயில் தொட்டுச் சுரண்டி எடுங்கள். பிறகு எண்ணெய்.

தோலுறையில் போட்டு வைப்பது பார்வைக்கு அழகு, கத்திக்குக் கேடு. பதனிட்ட தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். களிம்புக்கு முதல் காரணம் அதுவே. செய்தித்தாளும் ஈரம் இழுக்கும். ரப்பர் பேண்ட் போட்டால் அதிலுள்ள கந்தகம் நிக்கல் சில்வரில் கறுப்புக் கோடு போடும். கஞ்சி போடாத, நன்கு காய்ந்த பழைய வேட்டித் துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றி, இறுக மூடும் எவர்சில்வர் சம்படத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளோடு வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டன என்று பொருள். இரும்புச் சட்டியில் சிறுதீயில் சூடாக்கினால் நீலம் திரும்பும். அந்த நீலச் சாயம் விஷம், ஆகவே அதற்கென்று ஒரு சட்டியை ஒதுக்கிவிடுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் துடைப்பது நலம்.

தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் கொடுத்துவிடாதீர்கள். பொறி பறக்கும் சூட்டில் கூர் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தின் பதம் போயிற்று. பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. தட்டையான மென்மையான கல்லில் ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை சாய்வில் கையால் தீட்டினால் போதும். பயன்படுத்தாமல் சேர்த்து வைக்கும் கத்தியென்றால் தீட்டவே வேண்டாம். ஆலைக் கூர் கலையாத அலகுக்குத்தான் மதிப்பு.

பழைய கேஸ் தேடுகிறவர்கள் அலகின் அடியில் உள்ள முத்திரையைப் பார்த்தே வருஷம் சொல்லலாம். 1940 முதல் 1964 வரை ‘கேஸ் எக்ஸ்எக்ஸ்’ மட்டும். 1965 முதல் 1969 வரை அதோடு யு.எஸ்.ஏ. சேர்ந்தது. 1970-ல் அதன் கீழே பத்துப் புள்ளிகள்; ஆண்டுக்கு ஒரு புள்ளி குறைத்தார்கள், 1979-ல் ஒன்றே ஒன்று. 1980-ல் மறுபடி பத்து. இம்முறை எஸ் எழுத்து மின்னல் போலக் கோணலாக இருக்கும். இதைத் தெரிந்தவர்கள் ஏமாற்றவும் இதையே பயன்படுத்துகிறார்கள். முத்திரை உள்ள இடம் சுற்றியுள்ள பரப்பைவிடப் பள்ளமாகவோ பளபளப்பாகவோ இருந்தால் பழையதை அரைத்துப் புதிதாக அடித்திருக்கலாம். இரண்டு அலகில் ஒன்று கறுத்தும் மற்றது வெளுத்தும் இருந்தால் ஒன்று மாற்றப்பட்டிருக்கலாம். கிளிப்பின் முனை மூடிய நிலையில் வழக்கத்தைவிட உள்ளே புதைந்திருந்தால் தீட்டித் தேய்ந்தது. புகைப்படத்தை மட்டும் பார்த்து வாங்குவதாயிருந்தால் மூடிய நிலை, திறந்த நிலை, முதுகு, முத்திரை ஆகிய நான்கையும் கேட்டு வாங்குங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

மற்ற கம்பெனிகளை ஒப்பிட்டுச் சொல்வதென்றால், கேஸ் இருப்பது பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில். 1993 முதல் ஸிப்போ லைட்டர்காரர்களின் கையில். அதே மாநிலத்தின் டைட்டஸ்வில்லில் 2006-ல் தொடங்கியது கிரேட் ஈஸ்டர்ன் கட்லரி. அங்கே 1095 எஃகு, அதாவது 0.95 சதவீதம் கார்பன். பொருத்தம் பிரமாதம், இடைவெளி அரிது. ஆனால் வில் கடுமை, நகம் ஒடியும். சிறு சிறு தொகுதியாகச் செய்வதால் வேண்டிய மாதிரி வேண்டும்போது கிடைக்காது, கைமாறும்போது விலை எகிறும். இரண்டாவது மூன்றாவது கத்தியாக வாங்க வேண்டியது அது. பக் கம்பெனியின் 110 பூட்டுள்ள கனத்த கத்தி, 1964 முதல் வருகிறது. கெட்டியானது, ஆனால் ருசி வேறு. ஷ்ரேட் நிறுவனத்தின் ஓல்ட் டைமர் கத்திகள் குறைந்த விலையில் நல்ல கார்பன் எஃகு தருபவை. நியூயார்க் மாநிலத்து ஆலை 2004-ல் மூடப்பட்டது. அதன்பிறகு அதே பெயரில் சீனத்தில் செய்தவையும் வந்ததால் அலகில் யு.எஸ்.ஏ. இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரையில் ‘ஷ்ரேட் வால்டன்’ என்று இருந்தால் இன்னும் பழசு.

இவையெல்லாம் உள்ளூர்க் கடையில் கிடைப்பவை அல்ல. அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர் கொண்டுவந்தால்தான் சுலபம். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் ஒன்பது அங்குல நீளத்தையோ இரண்டு அங்குல அகலத்தையோ மீறும் அலகைத்தான் பேசுகின்றன. ட்ராப்பரின் அலகு அதில் பாதிகூட இல்லை. விமானத்தில் கைப்பெட்டியில் வரக் கூடாது, சரக்குப் பெட்டியில்தான். தபாலில் வரவழைத்தால் சுங்கத்தையும் தபால் செலவையும் விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். எப்படி வந்தாலும், குளிர்ந்த பெட்டியிலிருந்து நம் வெக்கைக்கு வந்ததும் உலோகத்தின் மேல் பனி பூக்கும். பொட்டலத்தைப் பிரிக்காமல் ஓரிரண்டு மணி நேரம் வெளியே வைத்திருந்து, பிறகு பிரித்து, முதல் வேலையாகத் துடைத்து எண்ணெய் போடுங்கள்.