டிஎன்ரெஜிநெட்டில் தாய்ப்பத்திரம் தேடுவது: எது வரை நம்பலாம், எங்கே கை விரிக்கும்

தமிழ்நாடு பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கம், அதாவது ஒரு சொத்தின் மீது பதிவான ஆவணங்களின் பட்டியல், போட்டுப் பார்க்கக் கட்டணம் இல்லை. இந்த ஒன்றுக்காகவே இந்தச் சேவையைத் தாராளமாகப் பாராட்டலாம். சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், புல எண் (சர்வே எண்), உட்பிரிவு, தேதி வரம்பு ஆகியவற்றைக் கொடுத்தால் சொத்தின் மீது பதிவான ஆவணங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. முத்திரையோடு வங்கிக்கோ கோர்ட்டுக்கோ கொடுக்கும் சான்றுதான் வேண்டும் என்றால் மட்டும் உள்நுழைந்து பணம் கட்ட வேண்டும்.

வரும் பிடிஎஃப்பில் பலர் கிரயத் தொகையையும் பெயர்களையும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். பழைய பத்திரம் தேடுகிறவருக்கு அதில் முக்கியம் இரண்டு இடங்கள்: தொகுதி எண், பக்க எண் உள்ள கட்டம், முந்தைய ஆவண எண் உள்ள கட்டம். முந்தைய ஆவண எண்ணைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பின்னால் போனால், இப்போதைய பத்திரத்துக்கு மூலமான தாய்ப்பத்திரம் வரை போய்விடலாம். ஆவண எண் ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வோர் அலுவலகத்திலும் 1-இல் இருந்து தொடங்கும். ஆகவே எண், ஆண்டு, அலுவலகப் பெயர் மூன்றும் சேர்ந்தால்தான் அது ஒரு முகவரி. '1432/1956' என்று மட்டும் குறித்துக்கொண்டு போனால் எந்த அலுவலகத்திலும் தேட முடியாது.

இனி குறைகள். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975-க்கு முந்தைய விவரம் இணைய வில்லங்கத்தில் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல் புல எண்ணில் இருக்கிறது. தேடல், பத்திரத்தில் எழுதப்பட்ட எண்ணைத்தான் பார்க்கும், நிலத்தைப் பார்க்காது. இன்று பட்டாவில் 45/2ஏ1 என்று இருக்கும் நிலம், 1978 பத்திரத்தில் 45/2 என்றோ வெறும் 45 என்றோ இருந்திருக்கும். நில உடைமை மேம்பாட்டுத் திட்டமான யூடிஆர் வந்தபோது ஏராளமான உட்பிரிவுகள் மாறின. நகரப் பகுதியில் வார்டு, பிளாக் பிரித்து டவுன் சர்வே எண் கொடுத்துவிட்டார்கள். ஆகவே 45, 45/2, 45/2ஏ, 45/2ஏ1 என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். பட்டாவில் உள்ள புல எண்ணை மட்டும் போட்டு 'வில்லங்கம் இல்லை' என்று வந்ததும் நிம்மதி அடைவதுதான் இந்தச் சேவையில் மக்கள் செய்யும் மிக ஆபத்தான தவறு. பழைய எண் எது என்பதற்கு தாலுகா அலுவலகத்தில் கிராம நிலங்களின் அடிப்படைப் பதிவேடான அ-பதிவேட்டையும் பழைய எண், புதிய எண் ஒப்பீட்டு விவரத்தையும் கேளுங்கள். ஜமீன், இனாம் கிராமம் என்றால் எஸ்.எல்.ஆர். எனப்படும் செட்டில்மென்ட் பதிவேடு. பத்திரத்தில் 'பைமாஷ் நம்பர்' என்று வந்தால் அது நவீன சர்வேக்கு முந்தைய எண். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ள பழைய நிலப் பதிவேடுகள் வரை போக வேண்டியிருக்கும்.

எண் பொருந்தினாலும் நிலம் அதுதானா என்பதை அளவையும் செக்குபந்தியையும் (நான்கு எல்லை விவரம்) வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். பத்திரத்தில் சென்ட், பட்டாவில் ஹெக்டேர், ஏர்ஸ் என்று இருக்கும். 1 ஏர் ஏறத்தாழ 2.47 சென்ட், 1 சென்ட் 435.6 சதுர அடி.

அடுத்த இடறல், அலுவலக எல்லை. பெரிய அலுவலகத்தைப் பிரித்துப் புது அலுவலகம் திறக்கும்போது கிராமம் புதியதற்குப் போகும். பழைய புத்தகங்களைத் தாய் அலுவலகத்தில் தேட வேண்டிவரும். கிராமம் எந்தத் தேதியில் மாறியது என்று கேட்டுக்கொண்டு, அந்தத் தேதிக்கு முன் ஓர் அலுவலகம், பின் ஓர் அலுவலகம் என்று இரண்டிலும் போடுங்கள். சொத்து வெவ்வேறு ஊர்களில் இருந்தால் அதில் ஓர் ஊரின் அலுவலகத்தில் பதிந்துகொள்ள முன்பு சட்டம் இடம் கொடுத்தது. அப்படிப்பட்ட பத்திரத்துக்கு உள்ளூர் அலுவலகத்தில் ஒரு குறிப்பாணை (சுருக்கக் குறிப்பு) மட்டும், சொத்துப் பத்திரங்களுக்கான பதிவேடான 1-ஆம் புத்தகத்தில் கோக்கப்பட்டிருக்கும். முழு நகல் பதிந்த இடத்தில்தான் கிடைக்கும்.

1975-க்கு முன்னால் போக, நேரில் மனு கொடுத்துக் கையால் தேடச் சொல்லும் மேனுவல் வில்லங்கம்தான் வழி. தேடும் ஆண்டுக் கணக்கில் கட்டணம் ஏறும். அதனால் 'முப்பது வருஷத்துக்குப் போடுங்கள்' என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்பதைவிட, கையில் உள்ள பத்திரத்தின் பின்பக்கப் பதிவுக் குறிப்பை முதலில் படியுங்கள். எந்தப் புத்தகம், எந்த வால்யூம் (தொகுதி), எந்தப் பக்கங்கள், எந்த வருடத்து எத்தனையாம் நம்பர் என்று அங்கே எழுதியிருக்கும். அது தெரிந்தால் வில்லங்கமே தேவையில்லை. நேராக நகல் மனு போட்டுவிடலாம். கதவு எண்ணும் தெருவும் மட்டும் எழுதிய நகரப் பத்திரங்களைப் புல எண்ணால் பிடிக்க முடியாது. பெயர் வரிசையில் உள்ள 1-ஆம் அட்டவணையைத் தேடச் சொல்ல வேண்டும். தகப்பனார் பெயர், வகையறாப் பெயர், சாதிப் பட்டம் சேர்ந்த பழைய பெயர் எல்லாவற்றையும் மனுவிலேயே எழுதுங்கள். 'முத்துசாமி'யும் 'முத்துச்சாமிப் பிள்ளை'யும் அட்டவணையில் இரு வேறு இடங்கள்.

1-ஆம் புத்தகத்தைப் பார்வையிடவும் நகல் பெறவும் கட்டணம் கட்டிய எவருக்கும் 1908 பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு உரிமை தருகிறது. சொத்துக்காரர்தான் வர வேண்டும் என்று யாராவது சொன்னால் இந்தப் பிரிவைக் காட்டுங்கள். அப்படித் தரும் சான்றிட்ட நகல், மூல ஆவணத்தின் வாசகத்தை நிரூபிக்கச் சாட்சியமாகவும் ஏற்கப்படும். பழைய நகல் என்பது, எழுத்தர் புத்தகத்தில் கையால் படியெடுத்ததன் நகல். எழுத்துப் பிழை இருக்கலாம். கையெழுத்தை ஒப்பிட அது உதவாது. பத்திரத்தில் வரைபடம் இணைத்ததாக வாசகம் இருந்தால் வரைபடத்தையும் சேர்த்து மனுவில் கேளுங்கள். கேட்காவிட்டால் விட்டுப்போக வாய்ப்பு அதிகம்.

வால்யூமில் பக்கம் கிழிந்தோ செல்லரித்தோ போயிருந்தால் அதையே எழுத்தில் வாங்கிக்கொண்டு வேறு வழி பாருங்கள். பாகப்பிரிவினை என்றால் மற்றப் பாகஸ்தர்களிடம் பிரதி இருக்கலாம். அடமானம் வைத்த சொத்து என்றால் வங்கிக் கோப்பு, வழக்கு நடந்திருந்தால் கோர்ட் கட்டு.

வில்லங்கம் முழுமையாக வந்தாலும் அதில் தெரியாதவை சில உண்டு. உயில் 3-ஆம் புத்தகத்தில் இருக்கும்; எழுதியவர் உயிரோடு இருக்கும் வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டுமே நகல், இறந்த பிறகு யாரும் கேட்கலாம். பழைய பொது அதிகாரப் பத்திரங்கள் 4-ஆம் புத்தகத்தில். முகவர் எழுதிக் கொடுத்த கிரயத்தைப் பார்த்தால் அந்த அதிகாரப் பத்திரத்தின் எண்ணைக் குறித்து, அது ரத்தாகிவிட்டதா என்றும் தனியாக விசாரியுங்கள். வாய்மொழிப் பாகம், பதியாத உயில், வாரிசுரிமை இவை எந்தப் புத்தகத்திலும் இல்லை. 1960-இல் வாங்கியவருக்கும் 1990-இல் விற்றவருக்கும் இடையே வில்லங்கத்தில் ஒன்றும் இல்லாமல், பெயர் மட்டும் மாறியிருந்தால் அங்கே இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கேட்டே ஆக வேண்டும்.