கழுகு முத்திரைக்கு 38,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன், வாங்குமுன் படியுங்கள்

பழம்பொருள் ஏலம் விடும் ஓர் இணையதளத்தில் "பாக்ட்ரியா வெண்கல முத்திரை, 4,000 ஆண்டுப் பழமை" என்று போட்டிருந்ததை நம்பி 38,000 ரூபாய் கட்டினேன். பாக்ட்ரியா என்பது இன்றைய வடக்கு ஆப்கானிஸ்தானும் அதை ஒட்டிய பகுதிகளும். வந்தது பித்தளை.

நம்ப வைத்தது அந்தக் கழுகுதான். சிறகு விரித்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, கால்களில் பாம்பு. துர்க்மெனிஸ்தானின் கோனூர் தெப்பேயில் தொல்லியலாளர் விக்டர் சரியானிடி தோண்டி வெளிக்கொணர்ந்த, பாக்ட்ரியா வரை பரவியிருந்த நாகரிகத்துக்கே உரிய வேலை அது: சுவர்போல் எழும்பும் கோடுகள், நடுவே அறை அறையாகப் பள்ளம். களிமண்ணில் குத்திக் காட்டி வீடியோவும் அனுப்பினார் விற்றவர். அதைப் பார்த்ததும் பணத்தைப் போட்டுவிட்டேன். அசல் முத்திரை மேல் சிலிக்கோன் ரப்பர் அச்சு எடுத்து நகல் செய்தாலும் கழுகு அப்படியேதான் வரும்!

முத்திரையின் முதுகைப் பார்த்திருக்க வேண்டும். கயிற்றில் கோத்துப் புழங்கிய முத்திரை என்றால் காதின் துளை விளிம்பு தேய்ந்து வழவழப்பாகியிருக்கும். இதில் அரம் போட்ட கீறல் கூர்மையாக நிற்கிறது. அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்தேன், களிம்பு பச்சையாகப் பஞ்சோடு வந்துவிட்டது. உண்மையான களிம்பு உலோகத்திலிருந்தே விளைவது. பச்சைக்கு அடியில் செம்பு ஆக்சைடு சிவப்பாக ஒட்டியிருக்கும், அசிட்டோனுக்கு அசையாது. நகைக்கடையில் தங்கம் சோதிக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவியில் வைத்தால் துத்தநாகம் 31 சதவீதம், அதாவது பித்தளை. அந்தக் கால பாக்ட்ரியாவில் செம்போடு ஆர்சனிக், வெள்ளீயம், ஈயம் சேர்ந்திருக்கும். இவ்வளவு துத்தநாகத்துக்கு வழியே இல்லை.

விற்றவரிடம் கேட்டால், "சான்றிதழ் இருக்கிறதே" என்றார். அவரே அச்சடித்த தாள் அது! பிறகு, "அசிட்டோன் போட்டுக் கெடுத்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க முடியாது." தளத்தாரோ 7 நாள் கெடு முடிந்தது என்கிறார்கள். கெடு, பொருள் கிளம்பிய நாளிலிருந்தாம். பார்சல் வந்து சேரவே 9 நாள். 38,000 ரூபாய்க்கு இதுதான் பதில்.

அவசரமாகச் சிலது சொல்கிறேன். முதுகும் பக்கவாட்டும் தெரியும் படம் தராதவரிடம் வாங்காதீர்கள். "பழைய ஐரோப்பியச் சேகரிப்பு" என்ற சொல்லை ஆவணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்; பழம்பொருள் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ ஒப்பந்தம் வந்த 1970க்கு முந்தைய காகிதம் கேளுங்கள். காகிதம் இல்லாமல் அசலாகவே இருந்தாலும், வடக்கு ஆப்கானிஸ்தானில் கல்லறையைக் கொள்ளையடித்து எடுத்ததாக இருக்கலாம், தொடாதீர்கள். அதே விற்பனையாளர் முன்பு விற்றதையெல்லாம் பாருங்கள்.

நான் இன்றுதான் பார்த்தேன். அதே கழுகு, இடது சிறகு நுனியில் அதே உடைசல், 42,000 ரூபாய்க்கு ஏலத்தில் இருக்கிறது.