நாள் தள்ளினால்: மாத்திரையா, கிட்டா, காத்திருப்பதா?

இரவு 10 மணிக்கு அண்ணன் மகள் விடுதியிலிருந்து கூப்பிட்டாள். "அத்தை, எட்டு நாள் ஆயிடுச்சு. இன்னும் வரல." பக்கத்து மெடிக்கலில் கேட்டிருக்கிறாள். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "வரணுமா, தள்ளணுமா?" என்று கேட்டுவிட்டு, ஓர் அட்டை மாத்திரையைக் காகிதக் கவரில் போட்டுக் கொடுத்திருக்கிறார். பத்து நாள் போடு, நிறுத்தினால் வந்துவிடும் என்றாராம். வேறு ஒரு கேள்வியும் இல்லை.

நம் ஊரில் 'நாள் தள்ளிப் போயிருக்கு' என்றாலே கர்ப்பம் என்றுதான் காதில் விழும். குழந்தைக்குக் காத்திருப்பவளுக்கு அது சந்தோஷம், இவளைப் போன்றவளுக்கு நடுக்கம். நடுங்குகிறவளுக்கு உதிரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்றிருக்கும். அந்த மாத்திரை விலைபோவது இதனால்தான். ஆனால் அவளுக்கு அன்றைக்குத் தெரிய வேண்டியது ஏன் வரவில்லை என்பது. அதை மாத்திரை சொல்லாது.

கடைக்காரரின் கேள்வியிலேயே விஷயம் இருக்கிறது. வர வைக்கவும் தள்ளிப்போடவும் ஒரே வகை மருந்துதான், புரொஜெஸ்டிரோன் போல வேலை செய்யும் ஹார்மோன். போடும்வரை கருப்பையின் உள்படலத்தைப் பிடித்து வைக்கும். நிறுத்தினால் சில நாளில் அது உதிரும். கோயில் விசேஷத்துக்குத் தள்ளிப்போடப் பெண்கள் போடுவதும் இதே தத்துவம்தான். உதிரம் வந்தால் உள்ளே படலம் வளர்ந்திருந்தது என்பது தெரியும், அவ்வளவுதான். தைராய்டோ நீர்க்கட்டியோ காரணமாக இருந்தால் அது அப்படியே இருக்கும். கர்ப்பமாக இருந்தால் இந்த மாத்திரை கருவைக் கலைக்காது, உதிரமும் வராது. நாள்தான் போகும்.

அந்த நாள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து அவளுக்கு அன்று 40ஆம் நாள். மாத்திரை 10 நாள், அப்புறம் "வரும், வரும்" என்று ஒரு வாரம். 57ஆம் நாள் ஆகிவிட்டது. மாத்திரை மூலம் கருக்கலைப்பு செய்ய இந்தியாவில் 9 வாரம், அதாவது 63 நாள்வரை அனுமதி. அதன் பிறகும் வழி இருக்கிறது, ஆனால் எளிய வழி கைநழுவிவிடும். குழந்தை வேண்டும் என்று இருப்பவளுக்கும் நஷ்டம்தான்: ஃபோலிக் அமில மாத்திரை ஆரம்பித்திருக்க வேண்டிய வாரங்கள் அவை.

கர்ப்பம் பார்க்கும் கிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 100 ரூபாய்க்குள் கிடைக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீர்ப் பரிசோதனை இலவசம். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைச் சுத்தமான கிண்ணத்தில் பிடித்து, கிட்டோடு வரும் குழாயால் குழியில் மூன்று சொட்டு. ஐந்து நிமிடத்தில் பார்க்க வேண்டும். கிட்டில் 'சி', 'டி' என்று இரண்டு எழுத்து இருக்கும். 'சி' பக்கம் கோடு விழவில்லை என்றால் கிட் பழுது. 'டி' பக்கம் எவ்வளவு மங்கலாக விழுந்தாலும் அது கர்ப்பம்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அரை மணி கழித்துக் குப்பையிலிருந்து எடுத்துப் பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு. காய்ந்தபின் தெரியும் சாயல் கணக்கில் வராது.

'சி' பக்கம் மட்டும் ஒரு கோடுதான் என்றால் அதோடு விட்டுவிடக் கூடாது. ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். மாதாமாதம் தேதி மாறுகிறவர்கள், உறவு கொண்ட நாளிலிருந்து 21 நாள் கழித்துப் பார்த்தால் நம்பலாம்.

ரத்தப் பரிசோதனை இதைவிட நுட்பமானது, கர்ப்ப ஹார்மோன் எத்தனை என்று எண்ணாகவே சொல்லும். ஆனால் சில நூறு ரூபாய் ஆகும், லேபுக்குப் போக வேண்டும். எல்லோருக்கும் முதலில் இது தேவையில்லை. ஸ்கேனுக்குப் போவது அதைவிட அவசரப்படுவது. நாலைந்து நாள் தள்ளியிருக்கும்போது ஓடினால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, பயம்தான் கூடும். பப்பாளி, எள்ளுருண்டை பற்றிக் கேட்பீர்கள். பழுத்த பப்பாளியும் எள்ளும் நல்ல சாப்பாடு. நின்ற மாதவிடாயை அவை வர வைக்கும் என்பதற்குச் சான்று இல்லை.

சும்மா காத்திருப்பது எப்போது சரி? கர்ப்பத்துக்கு வழியே இல்லாதபோது. கருமுட்டை வெளிவந்த பிறகு மாதவிடாய்க்கு ஏறக்குறைய 14 நாள், அது பெரிதாக மாறாது. நீள்வது அதற்கு முந்தைய பாதி. ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தாலோ, பரீட்சைக்காகத் தூக்கத்தைத் தொலைத்தாலோ, சட்டென்று எடை குறைந்தாலோ முட்டை தாமதமாகும், தேதியும் கூடவே நகரும். ஆனால் மூன்று மாதம் வராமல் இருந்தால் காத்திருக்க வேண்டாம். தைராய்டு, புரொலாக்டின் என்ற பால் சுரக்கும் ஹார்மோன், நீர்க்கட்டி எல்லாம் பார்க்க வேண்டும். படலம் உதிராமல் மாதக்கணக்கில் தடித்துக்கொண்டே போவது நல்லதல்ல. அங்கேதான் டாக்டர் எழுதித் தரும் அதே 'வர வைக்கும்' மாத்திரைக்கு நியாயமான இடம் இருக்கிறது.

இரண்டு கோடு விழுந்து, குழந்தை இப்போது வேண்டாம் என்றால் கருக்கலைப்பு மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். கரு கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை அதை அகற்றாது. உதிரம் போகிறதே என்று நம்பியிருக்கும்போது குழாய் வெடிக்கலாம். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்பட்டை வலி, மயக்கம் என்றால் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கல்யாணம் ஆகவில்லையே என்று டாக்டரிடம் போகத் தயங்க வேண்டியதில்லை. 2021இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டமும், 2022இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் திருமணமாகாதவர்களுக்கும் அந்த உரிமையைத் தருகின்றன. பெயரை வெளியே சொல்லவும் டாக்டருக்கு அனுமதி இல்லை.

அன்றைக்கு அவளிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. "மாத்திரையைப் போடாதே. நாளைக்குக் காலையில கிட் வாங்கிப் பாரு, பார்த்துட்டு எனக்குக் கூப்பிடு, எதுவா இருந்தாலும் நான் இருக்கேன்" என்றேன். ஒரு கோடு. அடுத்த வாரமும் ஒரு கோடு. 49ஆம் நாள் காலை "வந்துடுச்சு அத்தை" என்று செய்தி வந்தது. போன மாதம் ஒன்பது நாள் காய்ச்சலில் கிடந்தேன் என்பதை அப்போதுதான் சொன்னாள்.